மாலை கழற்றும் நாள்

அடையாறில் இருந்த அந்த மனநல மருத்துவர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடுகிறீர்கள் என்று முதலில் கேட்பார் என எதிர்பார்த்தேன். பத்திரிகையில் அந்த எண்ணிக்கையைத்தான் முதல் பத்தியில் போடுவோம். தலைப்பில் கச்சிதமாக உட்காரும். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"வண்டி ஓட்டும்போது விளையாடக் கூடாதுன்னு உங்களுக்கே தோணுமா?" என்று என் தம்பியிடம் கேட்டார்.

"தோணும் டாக்டர்."

"தோணின பிறகு?"

"தோணிக்கினே ஆடுவேன்."

மருத்துவர் அதைத் தம்பி சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டார்.

தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான். ஐம்பதை நெருங்குகிறவன். மயிலாப்பூரில் நாங்கள் பிறந்து வளர்ந்த சந்திலேயே வேறொரு வீட்டின் பின் போர்ஷனில் மனைவியோடு இருக்கிறான். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். நான் தி. நகரில் இருக்கிறேன். ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் பிரதி திருத்தும் வேலை. தம்பியின் வேன் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்காக ஓடுகிறது. வேன் அவனுடையதல்ல. ஓனர் வேறொருவர்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, மந்தைவெளி சிக்னலில் பச்சை விழுந்தும் வேன் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அதே வேனில் மகனை ஏற்றி அனுப்பிவிட்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், வேனுக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்டியரிங் மேல் போனைச் சாய்த்துவைத்து இரண்டு கட்டைவிரலாலும் தம்பி விளையாடிக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டினார். தம்பி நிமிராமல், "ரெண்டே செகண்டும்மா" என்றானாம். உள்ளே பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு அது பழக்கம் போலிருந்தது என்று அந்தப் பெண் பள்ளியில் சொன்னார். விபத்து எதுவும் நடக்கவில்லை. செய்தி என்ற அளவில் அதில் ஒன்றுமே இல்லை.

ஓட்டலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை வேனைத் தொடக் கூடாது என்று பள்ளி சொல்லிவிட்டது. அதனால்தான் நாங்கள் மூன்று பேரும் அங்கே உட்கார்ந்திருந்தோம்: தம்பி, அவன் மனைவி, நான்.

அவன் விளையாடுவது கோட்டை கட்டும் விளையாட்டு. ஊர் ஊராக ஆட்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து கோட்டை கட்டுவார்கள். மற்ற குழுக்கள் வந்து தாக்கும். பார்த்துக்கொண்டே இருக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். ஒரு தாக்குதல் முடிய ஆகும் நேரமும் நம் ஊர் சிக்னலில் நிற்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். தம்பி அந்தக் குழுவுக்குத் தலைவன். கோடம்பாக்கத்தில் லைட் தூக்குகிறவர்கள், நந்தனத்தில் ஆபீஸ் வேலையில் இருப்பவர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. யாரையும் அவன் நேரில் பார்த்ததில்லை.

"எந்த மாசம் ரொம்ப அதிகமா இருக்கும்?" என்று மருத்துவர் கேட்டார்.

"நோம்பு மாசம்."

மருத்துவர் அவன் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்தார். "நீங்க நோம்பு இருப்பீங்களா?"

"நான் இல்ல டாக்டர். ராயப்பேட்டையில ஒரு பாய் கீறாரு, ஜரிகை வேல செய்றவரு. நோம்பு மாசம் முழுக்க அவரு ஆட மாட்டாரு. அவரு கோட்டயயும் நான்தான் பாத்துக்கணும். நான் மாலை போட்டா என்னோடத அவரு பாத்துப்பாரு."

இந்த இடத்தில்தான் தம்பி மனைவி பேசினாள். அதுவரை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தன் பக்கத்துச் சாட்சியைக் கூப்பிடுகிறவளைப் போல நிமிர்ந்தாள்.

"அதத்தான் டாக்டர் நான் சொல்ல வந்தேன். வருஷா வருஷம் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுவாரு. போட்டாருன்னா ஒரு மண்டலத்துக்கு மேல, பேசறதுக்குத் தவிர போனக் கையால தொட மாட்டாரு. கேமையே அழிச்சிடுவாரு. பீடி கெடயாது, டீக்கடை கெடயாது. யாரும் சொல்லத் தேவையில்ல. இவரு நெனைச்சா நிறுத்துவாரு. இதப் போயி வியாதின்னு சொன்னா எப்படி?"

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். எங்கள் சந்தில் குடிக்கிறவர்களைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார்கள். மாலை போட்டால் தொட மாட்டான், அவன் குடிகாரன் இல்லை என்பார்கள். பெண் கொடுக்கும்போதுகூட அந்த வாக்கியம் செல்லுபடியாகும்.

மருத்துவர் பேனாவை மூடிவைத்தார்.

"மாலையை எப்போ கழட்டுவீங்க?"

"மலைக்குப் போய்ட்டு வீட்டுக்கு வந்ததும். அம்மா இருந்தப்ப அம்மா கழட்டும். இப்ப அக்கா."

"கழட்டினதும் என்ன பண்ணுவீங்க?"

தம்பி மனைவியைப் பார்த்தான். பிறகு என்னை. பிறகு மேசையை.

"வண்டி செங்கோட்ட தாண்டினதுமே கேம எறக்கி வச்சிருவேன்," என்றான். "ஆட மாட்டேன். மாலை கழுத்துல கீது இல்ல? எறக்கி மட்டும் வச்சிப்பேன். வூட்டுக்கு வந்து கழட்டினா ரெடியா இருக்கும்."

தம்பி மனைவி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எத்தனையோ தை மாதங்களில் நான் அவன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி, சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, இருமுடியிலிருந்து எடுத்த அரிசியில் பொங்கல் வைக்க அடுப்படிக்குப் போயிருக்கிறேன். நான் திரும்பி வருவதற்குள் அவன் ஆரம்பித்திருப்பான்.

மருத்துவர் அவசரப்படவில்லை. நிறைய விளையாடுவது நோயாகிவிடாது என்றார். இரவு பகலாக விளையாடிவிட்டுப் பரீட்சை வந்ததும் தானாக எழுந்து போகிறவர்கள் உண்டு. அவர் பார்ப்பது வேறு. ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் அந்த ஆளின் கையில் இருக்கிறதா, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது முன்னால் வந்துவிட்டதா, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறதா. அதுவும் பத்து நாள் கதையாக இல்லாமல், ஒரு வருடம் போல நீடித்திருக்க வேண்டும்.

"முன்னால வந்துடுச்சான்னா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"எதையாவது அதுக்காக விட்டிருக்காரா?"

அவள் யோசிக்கவில்லை. "எங்கப்பா கருமாதிக்கு வந்தாரு. ஐயர் கூப்பிட்டப்போ வண்டிக்குள்ள ஒக்காந்திருந்தாரு. 'ரெண்டு நிமிஷம்'னாரு. எங்கண்ணன் காத்திருந்து பாத்துட்டு மருமகன் செய்ய வேண்டியதயும் அவரே செஞ்சிட்டாரு." அவள் குரலில் கோபம் இல்லை. பில் போடும் கவுண்டரில் வேலை செய்கிறவள். தொகை சொல்லும் குரலில் சொன்னாள்.

அன்றைக்கு மருத்துவர் நோய்க்குப் பெயர் சொல்லவில்லை. ஓட்டலாம் என்றும் எழுதித் தரவில்லை. வாரம் ஒரு முறை வரச் சொன்னார். வருடத்தில் ஒரு மண்டலம் முழுதாக நிறுத்திவிடுகிறவரை எப்படி எடுத்துக்கொள்வது என்று தனக்கு இன்னும் தெளிவாகவில்லை, மாலை கழற்றும் நாளைத் தாண்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். ஒரு நிபுணர் தனக்குத் தெரியவில்லை என்று சொல்வதைச் செய்தியில் வைத்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நான் அதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "வண்டி இல்லன்னா பகல்ல நான் இன்னாக்கா பண்றது? அதையேதான் ஆடிக்கினு இருப்பேன்."

அது உண்மைதான். கார்த்திகை பிறக்கும் வரை அப்படித்தான் நடந்தது. நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, காலை டிபன் தட்டு காய்ந்து கிடக்க, மனைவி கடைக்குப் போனதும் தொடங்கி அவள் திரும்பும் வரை. நான் போனால் "வாக்கா" என்பான். அதற்கு மேல் எதுவும் இல்லை. போனிலிருந்து யாரோ, "தலைவா, வடக்கு கேட்டு ஒடயுது தலைவா, இன்னா தூங்கிக்கினு கீறியா?" என்று கத்துவார்கள். இவன் அதற்கு மட்டும் முழு வாக்கியத்தில் பதில் சொல்வான்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டான். கருப்பு வேட்டி, வெறும் கால், கழுத்தில் துளசி மணி. அவனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி வேறு யாருமில்லை, வேன் ஓனர்தான். பல வருடங்களாக மலைக்குப் போகிறவர், குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறவர். மாலை போட்ட மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அவரே சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

நான் அப்போது அங்கே இருந்தேன். "டாக்டர் இன்னும் எழுதித் தரலையே," என்றேன்.

"அம்மா, நீங்க பேப்பர்ல இருக்கறவங்க, உங்களுக்கு எல்லாம் எழுத்துல வேணும்," என்று சிரித்தார். "கழுத்துல மாலை கீது. அத விட பெரிய சர்டிபிகேட்டு இன்னா வேணும்? மாலை போட்ட சாமிய நம்பலன்னா அப்புறம் ஊர்ல யார நம்புறது?"

பள்ளியிலும் அவரே பேசினார். அங்கே யாரும் மறுக்கவில்லை. புகார் சொன்ன அந்தப் பெண்ணும் மறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வெறும் காலோடு, தாடியோடு, வேன் கதவருகே நின்று ஒவ்வொரு பிள்ளையையும் "ஏறு சாமி" என்று ஏற்றிவிடுகிற ஒருவனைப் பார்த்து, போனை எங்கே வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு நாள் அந்த வேனில் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். மிக ஒழுங்காக ஓட்டினான். மந்தைவெளி சிக்னலில் மஞ்சளுக்கே நிறுத்தினான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பைக்காரர் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டது. தம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எது?"

"அது இல்லாம இருக்கறது."

பச்சை விழுந்து வண்டியை எடுத்த பிறகு சொன்னான். "கரண்டு போன வூட்ல ஃபேனப் பாத்துக்கினு ஒக்காந்த மாதிரி கீது. வேர்க்கும். எழுந்து வெளிய போலாம். ஆனா போவ மாட்டோம் பாரு, அப்படி."

மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டான். நன்றாக இருக்கும்போது எதற்கு என்றான். அவர் என்னிடம் போனில், சண்டை போட வேண்டாம், மாலை கழற்றியதும் அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

தை பிறந்து மலையிலிருந்து திரும்பினான். வாசலில் தேங்காய் உடைத்தான். இருமுடியை சாமி படத்தின் முன்னால் இறக்கினான். நான் கையைக் கழுவிவிட்டு வந்து வழக்கம் போல அவன் பின்னால் நின்று மாலையைப் பிடித்தேன்.

"இருக்கா," என்றான்.

இருந்தேன்.

"இந்த வாட்டி எறக்கல. செங்கோட்டயில கை போச்சு. போன பக்கத்துல இருந்த சாமி பையில போட்டுட்டேன்." திரும்பாமலே பேசினான். "நீ இத கழட்டினா நான் இன்னிக்கே ஆடுவேன். திங்கக்கெழம வண்டியில ஆடுவேன். எனக்கு நல்லாத் தெரியும்."

தம்பி மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "அப்ப கழட்டாதீங்க அண்ணி," என்றாள்.

நான் கையை எடுத்துவிட்டேன். மூன்று பேரும் பொங்கல் சாப்பிட்டோம். நல்ல முடிவு என்றே அப்போது தோன்றியது. வேன் ஓடும், பிள்ளைகள் பத்திரமாகப் போய் வருவார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை.

மாலை போட்ட வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. ஒரு மண்டலத்துக்காகச் செய்த சட்டங்கள் அவை. அவன் தனிப் பாயில் படுத்தான். அவள் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். மாத விலக்கு நாட்களில் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தாள். வீட்டில் முட்டைகூட இல்லை. அவனும் அவளும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாற்காலியிலேயே இப்போது போன் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. எனக்கு அங்கே போனால் தூக்கம் வந்தது.

மாசியில் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்காமலே வாசலில் நின்றார். எங்கள் சந்தில் வெகுகாலமாக மீன் விற்கிறவர்.

"இன்னாடி, உன் சாமி இன்னும் மலை எறங்கலியா? தை போச்சு, மாசி போவுது. அந்த ஐயப்பனே ஊட்டுக்குப் போய்ட்டிருப்பாரு."

"அவரு இஷ்டம்," என்றாள் தம்பி மனைவி.

"உன் இஷ்டம் இன்னா? நான் சாமியத் திட்டல, நானும் மாதா கோயில்ல நாப்பது நாளு தவசு இருக்கறவதான். ஆனா ஈஸ்டர் வந்தா மீன் துன்னுவேன். முடியாத நோம்பு நோம்பா? நீ வஞ்சிரம் வாங்கி எத்தினி நாளாச்சி சொல்லு."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. பிறகு உள்ளே வந்து என்னிடம், "நான் இன்னா சாமியார் பொண்டாட்டியா அண்ணி?" என்று கேட்டாள். உள்ளே நாற்காலியில் இருந்தவனுக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்.

நோன்பு பிறக்கும் முன்பு ராயப்பேட்டைக்காரர் போன் செய்தார். தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"நைனா, நோம்பு வருது. கோட்டைய உன் கையில குடுக்கறேன், பாத்துக்கோ."

"மாலை போட்டுக்கினு கீறேன் பாய்."

"இன்னுமா? மலைக்குப் போய்ட்டு வந்தியா, இல்ல மலையத் தூக்கிக்கினு வந்துட்டியா?"

தம்பி போனை வைத்துவிட்டான்.

வேன் ஓனருக்கும் பிடிக்கவில்லை. சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் குருசாமியாக வந்து உட்கார்ந்தார். "இது மொறையில்ல சாமி. போயி வந்தா கழட்டணும். கழட்டாம போட்டுக்கினு இருந்தா அது மாலை இல்ல, வெறும் மணி. எதுக்கு பயப்படற?"

"வண்டிக்கு," என்றான் தம்பி.

"வண்டிய ஒழுங்காத்தான ஓட்டற?"

"மாலை ஓட்டுது அண்ணே."

ஓனருக்கு அது விளங்கவில்லை. பக்தி என்று எடுத்துக்கொண்டு நெஞ்சில் கைவைத்து, "சாமியே சரணம்" என்றார்.

மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னது தம்பிதான். கருப்பு வேட்டியோடு, வெறும் காலோடு வந்து உட்கார்ந்தான். அவர் அவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப விளையாடறதில்ல. ஆனா நினைப்பு?"

"முழிச்சதும் அதுதான். பிள்ளைங்கள ஏத்தும்போதும் அதுதான்."

"குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

"நீங்க நிறுத்தலைன்னு உங்களுக்குத் தெரியுது," என்றார் மருத்துவர். "நிறுத்தி வச்சிருக்காங்க. ஊரே சேர்ந்து பிடிச்சு வச்சிருக்கு. பிடிக்கிறது தப்பில்ல. பல பேருக்கு அதுவும் கிடையாது. ஆனா இதை வச்சு நீங்க வண்டி ஓட்டலாம்னு என்னால சொல்ல முடியாது. இது இல்லாதப்போ நீங்க எப்படி இருக்கீங்கன்னு பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

"கழட்டினா ஆடிருவேன் டாக்டர்."

"ஆடினா வந்து சொல்லுங்க. மறைக்காம சொல்லுங்க. அதுக்கு மேல இப்போ எதுவும் கேட்கல."

பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை காலை நான் மயிலாப்பூர் போனேன். அவன் குளித்துவிட்டுச் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னால் நின்று மாலையைக் கழற்றினேன். கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. பால் கிண்ணத்தில் இட்டுக் கழுவி, துடைத்து, டப்பாவில் வைத்தேன். தம்பி மனைவி மீன் வாங்கப் போனாள்.

அவன் சட்டை போட்டுக்கொண்டான். சவரம் செய்துகொண்டான். டீக்கடைக்குப் போய் வந்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேமை இறக்கினான். அது இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மறைக்கவில்லை. நாங்களும் தடுக்கவில்லை.

மாலை போட்டிருந்த அத்தனை நாளும் ஆசை அவனுக்குள் அணை கட்டி நின்றிருக்கும், உடைந்தால் ஒரு சந்தோஷமாவது தெரியும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மளிகைக் கடையில் வரிசையில் நிற்கிறவனின் முகம். விரல்கள் மட்டும் வேகமாக இருந்தன. தம்பி மனைவி வறுத்த மீனைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா கீதா?" என்று கேட்டாள். மீனைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல," என்றான். நிறுத்தவில்லை.

மீன் ஆறியது. நானும் அவளும் சாப்பிட்டோம். ஞாயிறும் அப்படியே போனது. சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், தாக்குதல் ஒன்று பாதியில் இருக்கும்போதே போனைத் தொடைமேல் கவிழ்த்துவைத்தான். அதற்குள்ளிருந்து யாரோ "தலைவா, தலைவா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் போனைக் கேட்டு வாங்கி ஓனரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, நாளைக்கு வண்டி எடுக்கல. இல்லண்ணே, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஊருக்கும் போவல. ஆடிட்டேன். ஆமா. இல்லண்ணே, மறுபடியும் மாலை போட்டுக்க மாட்டேன். வேற ஆளு பாருங்க."

அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. "சரிண்ணே" என்று நான்கைந்து முறை சொல்லிவிட்டு என் போனைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு தன் போனை நிமிர்த்தி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

திங்கட்கிழமை அடையாறில் அவன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். நான் ஒரு இடத்திலும் திருத்த வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் அன்று பெயர் சொன்னார். விளையாட்டுக் கோளாறு. அது இப்போது நோய்களின் பட்டியலில் இருப்பது, சிகிச்சை உண்டு, நாளாகும் என்றார். அந்தப் பெயருக்கு இவ்வளவு நாள் காத்திருந்தோம். கேட்டதும் ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். தம்பி மனைவி, "ஞாயித்துக்கெழம வரலாமா டாக்டர், எனக்குக் கடையில லீவு கெடைக்காது" என்று கேட்டாள்.

"ஸ்கூலுக்கு எழுதித் தரணும்னு சொன்னீங்களே," என்றார் மருத்துவர். "ஓட்டலாம்னு இப்போ எழுத முடியாது."

"ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க," என்றான் தம்பி.

அவர் எழுதிக் கொடுத்தார்.

அடையாறிலிருந்து நேரே பள்ளிக்குப் போனோம். மதிய நேரம். அலுவலகத்தில் இருந்த பெண் இளம் வயதுக்காரர். பிரித்துப் படித்தார். தவறாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடியும் படித்தார். வேனில் வேறு டிரைவர் வந்துவிட்ட செய்தி காலையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கதான் வேலைய விட்டுட்டீங்களே சார்," என்றார். "எல்லாரும் ஓட்டலாம்னுதான் எழுதி வாங்கிட்டு வருவாங்க. இதுக்கு எதுக்கு லெட்டர்? வராம இருந்தா போதாதா?"

"வராம மட்டும் இருந்தா, நாளைக்கு வந்துருவேம்மா," என்றான் தம்பி. "ஃபைல்ல போட்டு வைங்க."